முதலாம் தரத்தில் ஆங்கிலம்: ஓசையா, எழுத்தா முதலில்?

ஆங்கிலக் கல்வி பற்றிய அறிவிப்புகளுக்கு இந்நாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தங்களை அடுத்து, 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகவும் 1999இல் நாடு முழுவதிலும் முதலாம் தரத்தில் செயற்பாடுகளுடன் கூடிய வாய்மொழி ஆங்கிலம் புகுத்தப்பட்டது. 2001இல் உயர்தர விஞ்ஞான வகுப்புகளுக்கு ஆங்கில மொழிமூலம் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, பின்னர் ஆறாம் தரத்திலிருந்தும் இருமொழிக் கல்வி ஆரம்பமானது. 2009ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமான ஆண்டாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 'வாழ்க்கைத் திறனாக ஆங்கிலம்' என்ற திட்டத்தின் கீழ் எமது ஆசிரியப் பயிற்றுநர்கள் இந்தியாவின் ஹைதராபாத் நகருக்குப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டனர். 2023இல் முதலாம் தரத்திலிருந்தே ஆங்கிலம் என்ற முழக்கம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது போல மீண்டும் எழுந்தது. 2025 ஜூலையில் பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரினி அமரசூரிய பாராளுமன்றத்தில் விளக்கிய சீர்திருத்தங்களும் முதலாம், ஆறாம் தரங்களிலிருந்தே தொடங்கப்படும் என அறிவிக்கப்பட்டன.

ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினர், முழக்கங்கள் மாறின. ஆனால் ஒவ்வொரு முறை க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும்போதும், ஆங்கிலப் பாடத்தின் சித்தி விகிதம் தாய்மொழிப் பாடத்தின் விகிதத்துக்கு வெகு கீழேயே நிற்கின்றது. மூன்றாம் தரத்திலிருந்து கணக்கிட்டாலும் ஒன்பது ஆண்டுகள் ஒரு மொழியைப் பாடமாகக் கற்ற பிள்ளை, அம்மொழியில் ஒரு சிறிய கடிதத்தை வாசித்து விளங்கிக்கொள்ள முடியாமல் பாடசாலையை விட்டு வெளியேறுகின்றது. ஆங்கிலத்தில் சித்தி பெறாமலே உயர்தரத்துக்குச் செல்லலாம் என்பதால் இத்தோல்வி அப்போது உறைப்பதில்லை. தமிழில் விஞ்ஞானம் கற்று, சிறந்த பெறுபேற்றுடன் மருத்துவ பீடத்துக்கோ பொறியியல் பீடத்துக்கோ செல்லும் மாணவன் முதல் விரிவுரையில் அமர்ந்திருக்கும்போதுதான் அது உறைக்கின்றது. தொழில் தேடிக் கொழும்புக்கு வரும் இளைஞனுக்கு நேர்முகப் பரீட்சை அறையில் உறைக்கின்றது. பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தை 'கடுவ', அதாவது வாள், என்று அழைத்தது சும்மா அல்ல. அந்த வாள் தமிழ் மாணவனையும் அதே அளவுக்குத்தான் வெட்டியிருக்கின்றது.

இதற்கான காரணத்தைக் கேட்டால் ஆசிரியர் பற்றாக்குறை என்ற பதில் உடனே கிடைக்கும். வன்னியிலும், கிழக்கின் படுவான்கரைப் பகுதியிலும், மலையகத் தோட்டப் பாடசாலைகளிலும் அது மறுக்கவியலாத உண்மை. எனினும், ஆங்கில ஆசிரியர் இருக்கும் பாடசாலைகளிலும் நிலைமை பெரிதும் வேறுபடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டியுள்ளது. எப்போது தொடங்குவது, எந்தத் தரத்தில் தொடங்குவது, எந்த நாட்டில் பயிற்சி பெறுவது என்றெல்லாம் விவாதித்துள்ளோம். ஆங்கிலம் புழங்காத வீட்டிலிருந்து வரும் ஆறு வயதுப் பிள்ளை அம்மொழியை எவ்வாறு வாசிக்கக் கற்றுக்கொள்கின்றது என்ற கேள்வியை மட்டும் கல்வி அதிகாரிகளின் வட்டத்துக்கு வெளியே எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. உண்மையில் முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி இதுவே.

மூன்றாம் அல்லது நான்காம் தரத்துப் பிள்ளையொன்றின் ஆங்கிலக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். எழுத்துகள் கோட்டுக்குள் அழகாக அமர்ந்திருக்கும். கரும்பலகையில் எழுதப்பட்டவை பிழையின்றிப் பிரதி செய்யப்பட்டிருக்கும். ஆசிரியரின் சிவப்பு மையால் 'சரி' அடையாளமும் இடப்பட்டிருக்கும். அதே கொப்பியில் அதே பிள்ளை எழுதிய ஒரு வரியை வாசிக்கச் சொன்னால், பெரும்பாலும் மௌனமே பதிலாகக் கிடைக்கும். பிள்ளை எழுதவில்லை; வரைந்திருக்கின்றது.

இதன் வேர் எமது மரபிலேயே உள்ளது எனலாம். தமிழை நாம் எவ்வாறு வாசிக்கக் கற்றோமோ அவ்வாறே ஆங்கிலத்தையும் கற்பிக்க முனைகின்றோம். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. 'ப', 'ட', 'ம்' என்று மூன்று எழுத்துகளைச் சொல்லி விரைவாகச் சேர்த்தால் 'படம்' தானாகவே வாயில் வந்து விழுகின்றது. அரிச்சுவடி முறையின் வலிமை இதுதான். விஜயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளை அடுத்த சில மாதங்களில் பெயர்ப் பலகைகளைக் கூட்டி வாசிப்பது இதனாலேயே சாத்தியமாகின்றது. ஆங்கிலத்திலோ 'சீ', 'ஏ', 'ரீ' என்று மூன்று எழுத்துகளின் பெயர்களையும் எவ்வளவு விரைவாகச் சொன்னாலும் 'சீயேரீ' என்றுதான் வரும். பூனையைக் குறிக்கும் 'கட்' ஒருபோதும் வராது. பெயருக்கும் ஒலிக்கும் இடையிலான இந்த இடைவெளியை எவரும் பிள்ளைக்கு எடுத்துக் கூறுவதில்லை. ஆசிரியர் எழுத்துக் கூட்டச் சொல்கின்றார். பிள்ளை பெயர்களை மனனம் செய்கின்றது. பின்னர் சொல்லையும் மனனம் செய்கின்றது. அவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்பது அதற்குப் புதிராகவே இருந்துவிடுகின்றது. இருநூறு, முந்நூறு சொற்கள் வரை மனனம் கைகொடுக்கும். அதற்கு மேல் சுமை தாங்காது. நான்காம், ஐந்தாம் தரங்களில் பிள்ளைகள் ஆங்கிலப் பாடவேளையில் வாய்மூடிப் பின்வரிசைக்கு நகர்வது இக்கட்டத்திலேதான்.

ஆங்கிலம் இவ்வகையில் உண்மையிலேயே கடினமான மொழி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்தாறு எழுத்துகளைக் கொண்டு அது சுமார் 44 ஒலிகளை எழுதுகின்றது. ஐந்து உயிரெழுத்துகள் ஏறத்தாழ இருபது உயிரொலிகளைச் சுமக்கின்றன. ஐரோப்பாவின் பதின்மூன்று மொழிகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வொன்று இவ்விடயத்தில் பெரிதும் பேசப்பட்டது. பெரும்பாலான மொழிகளில் முதலாண்டு முடிவில் பிள்ளைகள் எளிய சொற்களை 90 வீதத்துக்கும் மேல் சரியாக வாசித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஸ்கொட்லாந்துப் பிள்ளைகள் வாசித்தது 34 வீதம் மட்டுமே. தாய்மடியில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கே இந்நிலையென்றால், கிளிநொச்சிப் பிள்ளையைக் குறைகூறுவதில் நியாயமில்லை.

ஆகவேதான் ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே வாசிப்புக் கற்பித்தல் பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரும் போர் நடந்துவந்துள்ளது. ஒருபுறத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஒழுங்குமுறையாகக் கற்பித்து, ஒலிகளைக் கூட்டிச் சொல்லை வாசிக்கச் செய்யும் ஒலிமுறை. மறுபுறத்தில், நல்ல கதைகளுக்கு நடுவே பிள்ளையை விட்டால் படத்தையும் சூழலையும் கொண்டு சொல்லை ஊகித்து அது இயல்பாகவே வாசிக்கக் கற்றுக்கொள்ளும் என்ற முழுமொழி முறை. வாசிப்பு என்பது ஒருவகை ஊகிக்கும் விளையாட்டே என்று அமெரிக்க அறிஞர் கென்னத் குட்மன் 1967இல் எழுதியதைத் தொடர்ந்து இரண்டாவது முறை பல நாடுகளின் வகுப்பறைகளை ஆட்கொண்டது. நியூஸிலாந்தின் மேரி கிளே அம்மையார் உருவாக்கிய வாசிப்பு மீட்புத் திட்டமும் உலகெங்கும் பரவியது.

காற்று இப்போது திரும்பிவிட்டது. ஒழுங்குமுறையான ஒலிமுறையே கூடிய பயன் தருவதாக அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு 2000இல் அறிக்கையிட்டது. இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் தலைமையிலான மீளாய்வு 2006இல் அதே முடிவுக்கு வந்தது. 2012 முதல் அங்கு முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் யாவரும் நாற்பது சொற்களை உரத்து வாசிக்கும் சோதனைக்குத் தோற்றுகின்றனர். அவற்றுள் இருபது சொற்கள் எந்த அகராதியிலும் இல்லாதவை. பிள்ளை மனனத்திலிருந்து சொல்கின்றதா, ஒலிகளைக் கூட்டி வாசிக்கின்றதா என்று அறிவதற்கான தந்திரம் அது. மேரி கிளேயின் தாயகமான நியூஸிலாந்தே 2025 முதல் ஒலிகளை அடிப்படையாகக் கொண்ட கட்டமைக்கப்பட்ட முறையைக் கட்டாயமாக்கி, அவரது திட்டத்துக்கு அரசு வழங்கிவந்த நிதியையும் நிறுத்திவிட்டது. கல்வித்துறையில் ஒரு கோட்பாடு பிறந்த வீட்டிலிருந்தே வெளியேற்றப்படுவதை அடிக்கடி காண்பதற்கில்லை.

இதைப் படித்துவிட்டு, இங்கிலாந்தின் ஒலிமுறைப் பொதியை அப்படியே வாங்கி வந்து எமது முதலாம் தரத்தில் இறக்கிவிடலாம் என்று எவரேனும் எண்ணுவாராயின் அதுவும் ஆபத்தானதே. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சில தனியார் முன்பள்ளிகள் ஏற்கனவே அதைத்தான் செய்கின்றன. கட்டணமும் அதற்கேற்றவாறு அறவிடப்படுகின்றது. மூன்றரை வயதுப் பிள்ளை ஒலிகளைக் கூட்டி 'பின்' என்றும் 'டப்' என்றும் வாசிக்கும்போது பெற்றோர் பூரிக்கின்றனர். அச்சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் பிள்ளை விழிக்கின்றது.

இதனை விளக்குவதற்குக் கோட்பாடு ஒன்று உண்டு. வாசிப்பு என்பது இரண்டின் பெருக்கம் என்று கஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1986இல் கூறினர். ஒன்று, எழுத்தை ஒலியாக்கும் திறன். மற்றது, கேட்டு விளங்கும் மொழியறிவு. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதிலேதான் விடயம் இருக்கின்றது. இரண்டில் ஒன்று பூச்சியமாயின் விடையும் பூச்சியமே. பாடசாலைக்கு வரும் ஐந்து வயது ஆங்கிலப் பிள்ளையிடம் சில ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் ஏற்கனவே காதில் இருக்கின்றன. ஒலிகளைத் தட்டுத்தடுமாறிக் கூட்டினாலும், வாயிலிருந்து ஏதோவொன்று வெளிவந்த கணமே 'ஓ, இது அந்தச் சொல்' என்று அது அடையாளம் கண்டுகொள்கின்றது. அந்த அடையாளம் காணலே வாசிப்பின் இன்பமும் இரகசியமும். முல்லைத்தீவுப் பிள்ளை அதே ஒலிகளைப் பிழையின்றிக் கூட்டினாலும் மறுமுனையில் காத்திருக்கும் சொல் எதுவுமில்லை. மேல்நாட்டு விவாதம் முழுவதும் இந்த இரண்டாவது பாதி தானாகவே அமைந்துவிட்டது என்ற அனுமானத்தின் மீதே நடந்துவந்துள்ளது. எமது பிள்ளைகளிடம் இல்லாதது அந்தப் பாதியே.

இந்தக் கோணத்திலிருந்து பார்க்கும்போது, 1999இல் கொண்டுவரப்பட்டு இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்ட வாய்மொழி ஆங்கிலத் திட்டத்தை நாம் மறுமதிப்பீடு செய்ய வேண்டியிருக்கின்றது. முதலிரு தரங்களிலும் ஆங்கில எழுத்தைத் தொடாமல், சுற்றாடல்சார் செயற்பாடுகளுடன் இணைத்து, 'எழும்பு', 'இரு', 'கதவைத் திற', 'நிறம் என்ன' என்பன போன்ற எளிய ஆங்கிலத்தைப் பேச்சாகவும் பாட்டாகவும் விளையாட்டாகவும் பழக்குவதே அதன் நோக்கம். மூன்றாம் தரத்திலிருந்தே வாசிப்பும் எழுத்தும் முறையாகத் தொடங்கும். கோட்பாட்டளவில் இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை இன்றைய ஆய்வாளர்கூட வகுக்க முடியாது என்பதே எமது கருத்து. முதலில் காது, பின்னர் கண்.

ஆனால் நடந்தது என்ன? அத்திட்டம் ஆங்கில ஆசிரியரின் கையில் ஒப்படைக்கப்படவில்லை. வகுப்பாசிரியரின் தலையில் சுமத்தப்பட்டது. தாம் பாடசாலையில் கற்ற காலத்தில் ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சியவர்களே அவ்வாசிரியர்களுள் பலர். அவர்களுக்குக் குறுகிய சேவைக்காலப் பயிற்சியும் ஒரு கைந்நூலும் வழங்கப்பட்டன. வடக்கு, கிழக்கில் அது யுத்த காலம். இடம்பெயர்ந்த பாடசாலைகள் மரத்தடியிலும் கொட்டகைகளிலும் இயங்கிய வேளையில் வாய்மொழி ஆங்கிலம் யாருடைய முன்னுரிமையாகவும் இருந்திருக்க முடியாது. வகுப்பாசிரியர் சொல்லைப் பிழையாக உச்சரித்துவிடுவோமோ என்று அஞ்சினார், அஞ்சியதால் பேசவில்லை, பேசாததால் பிள்ளை கேட்கவில்லை. பெற்றோரோ, கொப்பியில் எதுவும் எழுதப்படாததைக் கண்டு 'இங்கிலீஷ் படிப்பிக்கவில்லை' என்று அதிபரிடம் முறைப்பட்டனர். கொப்பியை நிரப்புவதே இருதரப்புக்கும் பாதுகாப்பான வழியாயிற்று. ஆங்கில எழுத்துகளைப் பிரதி செய்வது இரண்டாம் தரத்திலும், பின்னர் முதலாம் தரத்திலும் புகுந்துகொண்டது. இன்று முன்பள்ளியிலேயே அது நடக்கின்றது. தோற்றது முறையன்று, ஏற்பாடுகளே என்பதை அன்றே அறிந்திருந்தால், அடுத்த இருபது ஆண்டுகளில் அதே திட்டத்துக்குப் புதிய பெயர்களைச் சூட்டிக்கொண்டிருக்க வேண்டியிருந்திராது.

தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் உரிய சில இடர்ப்பாடுகளும் சில வசதிகளும் உண்டு. இவற்றைப் பற்றி எந்தக் கலைத்திட்ட ஆவணத்திலும் போதியளவு பேசப்படுவதாகத் தெரியவில்லை. எனவே இங்கே சற்று விரிவாகக் குறிப்பிடுவது தகும்.

எமது எழுத்து முறையில் வல்லொலிக்கும் அதன் மெல்லிய இணையொலிக்கும் தனித்தனி வடிவங்கள் இல்லை. 'பல்' என்பதில் வரும் பகரமும் 'பஸ்' என்பதில் வரும் பகரமும் எழுத்தில் ஒன்றே, ஒலியில் வேறு. பேச்சுத் தமிழில் இவ்வேறுபாட்டைப் பிள்ளையின் காது நன்கு அறிந்திருக்கின்றது, எழுத்துத்தான் காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே ஆங்கிலத்தில் இவ்விரு ஒலிகளுக்கும் இரு வேறு எழுத்துகள் உள்ளன என்று வரும்போது பிள்ளை தடுமாறி, ஒன்றுக்குப் பதிலாக மற்றதை எழுதிவிடுகின்றது. பெயரைக் கேட்டும் பயனில்லை. பி.ஏ. பட்டத்தில் வரும் 'பி'யும் பி.எச்.டி. பட்டத்தில் வரும் 'பி'யும் தமிழ் எழுத்தில் ஒன்றே அல்லவா? ககரத்திலும் டகரத்திலும் இதே சிக்கல் உண்டு. ஆசிரியர்கள் இதனைக் கவனக்குறைவு என்று கருதிப் பத்துத் தடவை எழுதுமாறு தண்டனை வழங்குகின்றனர். பத்துத் தடவை எழுதுவதைவிட, இரு ஒலிகளையும் மாறி மாறிச் சொல்லி எது எதுவென்று கைதூக்கச் சொல்லும் ஐந்து நிமிட விளையாட்டு இதற்கு உதவும்.

அதேபோன்று, தமிழில் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் இணைந்து வருவதுமில்லை. ஆகவே 'புக்' எமது வாயில் 'புக்கு' ஆகின்றது. 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆகின்றது. இவை அறியாமையின் அடையாளங்கள் அல்ல; ஒரு மொழியின் இலக்கணம் இன்னொன்றின் மீது படியும் சுவடுகள். யாழ்ப்பாணத்தார் 'டீச்சர்' என்று எழுதாமல் 'ரீச்சர்' என்றும் 'ரியூசன்' என்றும் எழுதுவதைத் தென்னகத்தாரும் தமிழகத்தாரும் நகைப்பதுண்டு. ஆனால் ஆங்கிலத்தின் அந்த ஒலி நுனிநாக்கு மேற்பல்லின் பின்னுள்ள மேட்டைத் தொட எழுவது. நா வளைந்து எழும் டகரத்தைவிட எமது 'ற்ற' ஒலிக்கே அது நெருக்கமானது. யாழ்ப்பாணத்துக் காது சரியாகத்தான் கேட்டிருக்கின்றது.

இனி, வசதியைப் பார்ப்போம். ஆங்கிலமே தெரியாது என்று நாம் கருதும் ஆறு வயதுப் பிள்ளையின் வாயில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொற்களை ஆசிரியர் ஒருநாள் எண்ணிப் பார்க்கலாம். பஸ், வான், பென்சில், பேக், கப், ஜக், பெட், டின், பின், பட், பல்ப், பெல், பிஸ்கட், கேக், சைக்கிள், ஃபோன், லைட். தோட்டப்புறத்துப் பிள்ளையிடமும் இவை உண்டு. மன்னார்க் கரையோரத்துப் பிள்ளையிடமும் உண்டு. (கதிரை, அலுமாரி, பாண் ஆகியவற்றைப் போர்த்துக்கேயரிடமிருந்தும், கந்தோரை ஒல்லாந்தரிடமிருந்தும் எந்த வகுப்பும் நடத்தாமலே எடுத்துக்கொண்ட சமூகம் நாம்.) இச்சொற்களுள் பல மூன்று எழுத்துகளால் ஆனவை, எழுத்து மாறாமல் ஒலிப்பவை, ஒலிமுறையின் முதற்பாடத்துக்கென்றே செய்யப்பட்டவை போன்றவை. பிள்ளை எழுத்தொலிகளைக் கூட்டும்போது மறுமுனையில் காத்திருக்கும் சொல் எதுவுமில்லை என்ற குறை இங்கே தீர்ந்துவிடுகின்றது. இங்கிலாந்தின் முதல் வாசிப்பு நூல்களில் வரும் நரியையும், குப்பைத்தொட்டியையும், குளிர்கால அங்கியையும் தேடிப் போகாமல், பிள்ளையின் வாயிலுள்ள அறுபது எழுபது சொற்களிலிருந்து மூன்றாம் தரத்தின் முதல் வாசிப்பு நூலை ஆக்கினால் என்ன? அச்செலவைத் தவிர வேறு செலவு இதற்கு இல்லை. ஒலி விதிக்கு அடங்காத மிகச் சாதாரணமான சில சொற்களை மாத்திரம் கண்டு மனத்திலிருத்தப் பழக்கினால் போதும்.

முன்பள்ளியிலேயே ஆங்கிலம் வாசிக்க வேண்டும் என்ற பெற்றோரின் அவசரம் பற்றியும் கூற வேண்டும். அந்த அவசரத்தின் பின்னாலுள்ள அச்சத்தை நாம் இகழவில்லை. தாம் பட்டதைப் பிள்ளையும் படக்கூடாது என்றே அவர்கள் கருதுகின்றனர். எனினும், வாசிப்பு என்பது ஒருவர் வாழ்வில் ஒருமுறையே கற்கும் திறன். எழுத்து என்பது பேச்சின் வடிவம், ஒலிகளைக் கூட்டினால் சொல் வரும், சொற்களைக் கூட்டினால் கருத்து வரும் என்ற அடிப்படை அறிவை ஒரு மொழியில் பெற்ற பிள்ளை மறுமொழிக்கு அதனை எடுத்துச் செல்கின்றது. தாய்மொழியிலேயே தொடக்கக் கல்வி அமைய வேண்டும் என்று யுனெஸ்கோ 1953இல் வலியுறுத்தியதன் தாற்பரியமும் இதுவே. எழுத்தும் ஒலியும் ஒன்றாக நிற்கும் தமிழில் அந்த அறிவைப் பெறுவது எளிது. பெயரொன்றும் ஒலியொன்றுமான ஆங்கிலத்தில் அதனை முதன்முதலாகப் பெறுவது கடினம். எளிய வாயில் திறந்திருக்கையில் மதிலேறிக் குதிக்கச் சொல்வானேன்? 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனா தொற்றினால் பாடசாலைகள் நீண்டகாலம் மூடப்பட்டிருந்தமையும், 2022இன் எரிபொருள் நெருக்கடியும் அக்காலத்துச் சிறார்களின் தமிழ் வாசிப்பையே ஆட்டங்காணச் செய்துள்ள நிலையில் இது மேலும் கவனத்துக்குரியது.

யாழ்ப்பாணத்தின் ஆங்கிலப் புலமை பற்றிப் பெருமை பேசுவோர், அது எவ்வாறு உண்டாயிற்று என்பதை மறந்துவிடுகின்றனர். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் தமது கிராமப் பாடசாலைகளைத் தமிழிலேயே நடத்தினர். தமிழ் வாசிக்கத் தெரிந்த சிறுவர்களே 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியை நோக்கிச் சென்றனர். அங்கும் ஆங்கிலத்தோடு தமிழ் பயிற்றப்பட்டது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரும் அங்கு கற்றவர்கள். அவர்களுள் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளையே பின்னர் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஆங்கிலம் அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை என்பதோடு, தமிழ் அவருக்கு ஆங்கிலத்தைத் தடுக்கவுமில்லை.

செய்ய வேண்டியவை பற்றி நீண்ட பட்டியல் தேவையில்லை. முதலிரு தரங்களில் நாளொன்றுக்குப் பதினைந்து அல்லது இருபது நிமிடம் ஆங்கிலம் காதில் விழ வேண்டும். வகுப்பாசிரியரால் பேச முடியாதாயின், கைத்தொலைபேசியிலேயே ஒலிக்கக்கூடிய பாடல்களையும் கதைகளையும் தேசிய கல்வி நிறுவகம் பதிவுசெய்து வழங்கலாம். 1999இல் இல்லாத இவ்வசதி இன்று தோட்டப் பாடசாலை ஆசிரியரின் சட்டைப் பையிலும் இருக்கின்றது. ஆயினும் ஒலிப்பதிவு ஆசிரியருக்கு மாற்றீடாகாது. பிள்ளையோடு சேர்ந்து தாமும் கற்பதற்கு அஞ்சாத ஆசிரியரைக் கல்வியியற் கல்லூரிகள் உருவாக்க வேண்டும். பிராந்திய ஆங்கில ஆதார நிலையங்களும் ஆசிரிய ஆலோசகர்களும் கொப்பிகளைப் பரிசோதிப்பதைக் குறைத்து, வகுப்பில் அமர்ந்து பிள்ளைகள் பேசுவதைச் செவிமடுக்க வேண்டும். மூன்றாம் தரத்தில் எழுத்தொலிகள் ஒழுங்குமுறையாகக் கற்பிக்கப்பட வேண்டும். எழுத்துகளின் பெயர்கள் சற்றுப் பிந்தி வந்தாலும் குடி முழுகிவிடாது.

இவற்றையெல்லாம் பரீட்சை முறை விழுங்கிவிடும் என்பதே எமது பெரிய ஐயம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் சாதாரண தர ஆங்கிலப் பாடமும் எழுத்துப் பரீட்சைகளாகவே நடந்து வந்துள்ளன. பேச்சும் செவிமடுத்தலும் புள்ளி பெற்றுத் தராதவரை எந்த அதிபரும் அவற்றுக்குப் பாடவேளை ஒதுக்கப்போவதில்லை; எந்தத் தாயும் கொப்பி வெறுமையாக இருப்பதைப் பொறுக்கப்போவதில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அழைத்து ஒரு சிறு பந்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் எளிய சோதனையை நான்காம் தரத்தில் பாடசாலை மட்டத்திலேயே நடத்தலாம். புள்ளியைப் பத்திரிகையில் வெளியிட வேண்டியதில்லை. பிள்ளையைத் தரம்பிரிக்கவும் வேண்டியதில்லை. யாருக்கு உதவி தேவை என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் போதுமானது.

இன்னுமொரு விடயம். ஆரம்பப் பிரிவு ஆசிரியர் கைந்நூல்கள் முதலில் சிங்களத்தில் ஆக்கப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்படுகின்றன என்பது தமிழ் ஆசிரியர்களின் நீண்டகால முறைப்பாடு. சிங்கள எழுத்தில் வல்லொலிக்கும் அதன் இணையொலிக்கும் தனித்தனி வடிவங்கள் உள்ளன. எனவே சிங்களப் பிள்ளைக்கு அந்த இரு 'பி'க்களின் குழப்பம் எழுவதில்லை. சிங்களத்தில் எழுதுபவருக்கு அது நினைவில் வருவதற்கும் காரணமில்லை. மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் இல்லாததைச் சேர்க்க முடியாது. தமிழ்ப் பிள்ளையின் காதையும் நாவையும் அறிந்த ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் சிலரைத் தேசிய கல்வி நிறுவகம் மகரகமவுக்கு அழைத்து, தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கான ஆங்கிலக் கைந்நூலின் அப்பகுதியையாவது தமிழிலேயே எழுதச் செய்ய வேண்டும். இதற்கு உலக வங்கியின் கடனோ ஹைதராபாத்துக்கான பயணமோ தேவைப்படாது.